முத்தின் நிழலில் ஒரு மீனவர் ஊர்

நமது பாடசாலைகளில் வரலாறு என்ற பெயராற் கற்பிக்கப்படுவது பெரும்பாலும் அரசர்களின் வரலாறேயாகும். எவர் எவரை வென்றார், எந்த ஆண்டில் எந்தக் கோட்டை எவர் கைக்கு மாறிற்று என்பனவற்றை மாணவர் மனனஞ் செய்கின்றனர், பரீட்சையில் ஒப்புவிக்கின்றனர், பின்னர் மறந்துவிடுகின்றனர். சில ஆண்டுகளுக்கு முன், வரலாற்றாசிரியர் விடுப்பில் இருந்தமையால், தமிழாசிரியராகிய நாம் அவ்வகுப்பை ஏற்க நேர்ந்தது. 1560ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றிக் கோட்டை அமைத்த செய்தியைச் சொல்லிக்கொண்டிருந்தோம். பின்வரிசையிலிருந்து மீனவர் வீட்டுப் பையன் ஒருவன் எழுந்து நின்றான்.

"சேர், அந்த நேரம் எங்கட ஆக்கள் என்ன செய்துகொண்டிருந்தவை?"

வகுப்பு சிரித்தது. நாம் சிரிக்கவில்லை, பதிலும் சொல்லவில்லை. மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள் என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையுங்கூட. ஆனால் அவன் கேட்டது அதுவன்று. தன் பாட்டனின் பாட்டனுக்கு இந்த வரலாற்றில் ஓர் இடம் உண்டா என்பதே அவன் கேள்வி. அன்று சொல்லாத பதிலை இங்கே எழுத முயல்கின்றோம். மன்னார்த் தீவின் மீனவர் ஊர்களுள் ஒன்றாகிய பேசாலையை எடுத்துக்கொள்வோம்.

இலங்கையின் வடமேற்குக் கரையிலிருந்து இந்தியாவை நோக்கி நீட்டிய நாக்கைப் போலக் கிடக்கும் மணற்றிடலே மன்னார்த் தீவு. பெருநிலத்தோடு அதனைத் தாம்போதியும் பாலமும் இணைக்கின்றன. மறுமுனையில் தலைமன்னார். அதற்கப்பால் இராமேசுவரம் வரை மணற்றிட்டுகள் தொடர்கின்றன. தீவின் வடக்கே பாக்கு நீரிணைப் பக்கத்துக் கடல். தெற்கே மன்னார் வளைகுடா. பனையும் முட்புதரும் நிறைந்த இம்மண்ணில், அராபிய வணிகர் ஆபிரிக்காவிலிருந்து கொணர்ந்தனர் என்று கூறப்படும் பெருக்கமரங்கள் ஆங்காங்கே யானைக்கால் போன்ற அடிமரத்தோடு நிற்கின்றன. தெருக்களிற் கழுதைகள் திரிகின்றன. மன்னார் நகருக்கும் தலைமன்னாருக்கும் இடையே, தீவின் வடகரையில் அமைந்துள்ளது பேசாலை. கத்தோலிக்கத் தமிழ் மீனவர் பெரும்பான்மையாய் வாழும் ஊர் அது. வெற்றி அன்னையின் பெயரால் அமைந்த தேவாலயம் ஊரின் நடுநாயகமாக நிற்கின்றது.

ஒடுங்கிய தீவாதலின் இங்குள்ள மீனவனுக்கு இரண்டு கடல்கள் உண்டு. ஒன்று வடகடல், மற்றது தென்கடல். வாடை வீசும் மாதங்களில் வடகடல் கொந்தளிக்கும். சோளகம் எழும்பும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும். ஒரு கடல் கதவடைத்தால் மற்றதன் கதவைத் தட்டுவதே இவர்களின் தொன்மையான வாழ்க்கை முறை. தொழிலுக்காகப் பருவந்தோறும் வேற்றுக் கரைகளுக்குப் பெயர்ந்து, ஓலையால் வேய்ந்த வாடிகளிற் தங்குவதும் உண்டு. காற்றின் பெயர்களும் நீரோட்டத்தின் போக்கும் விண்மீன்களின் இடமும் இவர்களுக்கு எழுத்தறிவுக்கு முன்பே வாய்த்த கல்வி. இக்கல்விக்குச் சான்றிதழ் வழங்கும் பல்கலைக்கழகம் எதுவும் இல்லை.

இப்பகுதியைப் பற்றி உலகம் எழுதாமல் இருந்துவிடவில்லை. தீவுக்கு எதிரே பெருநிலத்திலிருந்த மாதோட்டத் துறைமுகம் பண்டைக்காலத்திற் கீழைக்கடல் வாணிகத்தின் ஒரு சந்தி. அதனருகேயுள்ள திருக்கேதீச்சரத்தைச் சம்பந்தரும் சுந்தரரும் பாடியுள்ளனர். 1980ஆம் ஆண்டு முதல் 1984ஆம் ஆண்டு வரை ஜோன் காஸ்வெல் தலைமையில் அங்கு நடைபெற்ற அகழ்வாய்விற் சீனத்து மட்கலங்களும் மேற்காசிய மட்கலங்களும் கிடைத்தன. உரோமானியரும் கிரேக்கரும் அராபியரும் இலங்கையின் முத்தைப் பற்றி எழுதினர். நமது சங்கப் புலவரும் கொற்கை முத்தை மறந்தாரல்லர். ஆனால் இவ்வேடுகளை ஒருங்கே வைத்துப் பார்க்கும்போது ஓர் உண்மை புலனாகின்றது. கடலிலிருந்து அரண்மனைக்கும் சந்தைக்கும் சென்ற பொருள் எழுதப்பட்டது. கடலிலிருந்து அடுப்புக்குச் சென்ற பொருள் எழுதப்படவில்லை. முத்தை எழுதியவர்கள் மீனை எழுதவில்லை. முத்துக்கு வரி உண்டு, குத்தகை உண்டு, ஏலம் உண்டு. ஆகவே அதற்குக் கணக்கேடும் உண்டு. அன்றாடம் பிடித்து, உண்டு, எஞ்சியதைக் கருவாடாக்கி விற்ற மனிதனுக்குக் கணக்கேடு எதற்கு?

இம்மக்கள் எழுதப்பட்ட வரலாற்றுக்குள் முதன்முதலாக நுழைவது இரத்தத்தோடுதான். பதினாறாம் நூற்றாண்டின் முற்பாதியில், எதிர்க்கரையான முத்துக்குளித்துறையிற் பரதவர் கூட்டமாகக் கிறித்தவத்தைத் தழுவினர். அங்கு பணியாற்றிய பிரான்சிஸ் சவேரியாரை மன்னார் மக்கள் அழைத்தனர். அவர் தம் சார்பில் ஒரு குருவை அனுப்ப, பலர் திருமுழுக்குப் பெற்றனர். 1544ஆம் ஆண்டில் யாழ்ப்பாண மன்னன் சங்கிலி படையுடன் வந்து அவர்களைக் கொன்றான். அறுநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர் என்பது திருச்சபை மரபு. தோட்டவெளியில் அவர்கள் நினைவாக இன்றும் ஓர் ஆலயம் உண்டு.

இதனைச் சமயப் பகையின் கதையாக மட்டும் சொல்லிச் செல்வது நமக்கு வழக்கமாகிவிட்டது. ஒரு சாரார் சங்கிலியை வீரனாக்குவர். மற்றொரு சாரார் அரக்கனாக்குவர். நாம் கேட்கவேண்டிய கேள்வி வேறு. முத்தும் துறைமுகமும் உள்ள ஒரு கரையின் மக்கள் போர்த்துக்கேயரின் சமயத்தை ஏற்பதென்பது அக்கரையின் வருவாய் கைமாறுவதற்கு முன்னறிவிப்பு என்பதை மன்னன் அறிந்திருந்தான். பாதுகாப்பற்ற மக்கள் ஒரு புதிய பாதுகாப்பைத் தேடினர். பழைய ஆண்டைக்கும் புதிய ஆண்டைக்கும் இடையே நசுங்கியவர்கள் கரையில் வாழ்ந்த உழைப்பாளிகளே. 1560இற் போர்த்துக்கேயர் மன்னாரைப் பிடித்ததும், எதிர்க்கரைப் பரதவர் பலரை இத்தீவில் வந்து குடியேறச் செய்தனர். குளியாளரை அருகில் வைத்துக்கொள்வது முத்து வருவாய்க்கு ஏற்றதன்றோ?

1658இல் ஒல்லாந்தர் வந்தனர். அவர்கள் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தனர், குருமாரை விரட்டினர். ஆனால் மன்னார் மக்கள் தம் சமயத்தைக் கைவிடவில்லை. போர்த்துக்கேயரின் வாளோடு வந்த சமயம், ஒல்லாந்தரின் தடையை மீறி நிலைத்தபோது, மக்களின் சொந்த உடைமையாகிவிட்டது. பேசாலையின் தேவாலயத்தை நோக்கும்போது இந்த வேறுபாட்டை மனத்திற்கொள்ளல் வேண்டும். அது அந்நியன் விட்டுச்சென்ற சின்னம் என்று நகரத்திலிருந்து வருகின்றவன் எண்ணுவான். ஊராருக்கோ அது வலையும் தோணியும் போல வாழ்வின் ஒரு பகுதி. புயலில் அடைக்கலம், பிணக்கில் மன்றம், பஞ்சத்திற் களஞ்சியம் எல்லாம் அதுவே.

1795இல் ஆங்கிலேயர் மன்னாரைக் கைப்பற்றினர். அவர்களின் முதற் கண் முத்தின் மேலேயே விழுந்தது. முதல் ஆங்கிலத் தேசாதிபதியாகிய பிரடெரிக் நோர்த், முத்துக்குளிப்பைப் பார்வையிடத் தமக்கென அரிப்புக் கரையில் ஒரு மாளிகையைக் கட்டுவித்தார். அதன் இடிபாடுகள் கடலரிப்பிற் சிதைந்து கிடக்கின்றன. நூறாண்டு கழித்து 1905இல் நடைபெற்ற முத்துக்குளிப்பே ஆங்கிலேயர் காலத்தின் மிகப்பெரியது. முந்நூறுக்கு மேற்பட்ட படகுகளும் ஏறத்தாழ 5,000 குளியாளரும் கடலில் இறங்கினர். எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசாங்கத்துக்குக் கிடைத்த வருமானம் 25 இலட்சம் ரூபா.

அந்த 25 இலட்சம் எவ்வாறு உண்டாயிற்று? குளியாள் ஒருவன் காலிலே கல்லைக் கட்டி, மூச்சை அடக்கி, பல பாகம் ஆழத்துக்கு இறங்குவான். ஏறத்தாழ ஒரு நிமிட நேரத்துக்குள் கைக்கெட்டிய சிப்பிகளைக் கூடையில் அள்ளுவான். கயிற்றை அசைத்தால் மேலே இருப்பவன் இழுத்து எடுப்பான். ஒரு நாளைக்குப் பன்முறை இவ்வாறு இறங்கவேண்டும். காதில் இரத்தம் வரும்; சிலருக்குச் செவிப்புலனே போய்விடும். சுறாவின் வாயைக் கட்டுவதற்கென்று கடற்கட்டி எனப்படும் மந்திரக்காரன் ஒருவன் கரையிலிருந்து ஓதுவான். பகுத்தறிவின் பிரதிநிதிகளாகத் தம்மைக் கூறிக்கொண்ட ஆங்கில அதிகாரிகள் அவனுக்குக் கூலி கொடுக்கத் தவறவில்லை. அவன் ஓதாவிட்டாற் குளியாள் இறங்கமாட்டான். குளியாள் இறங்காவிட்டால் வருமானம் இல்லை. மாலையிற் படகு கரைசேர்ந்ததும் சிப்பிகள் மூன்று குவியலாக்கப்படும். இரண்டு அரசாங்கத்துக்கு, ஒன்று படகிலுள்ளோருக்கு. மூச்சடக்கியவனுக்கு மூன்றில் ஒன்றிலும் ஒரு பங்கு. மூச்சுவிட்டுக்கொண்டு கரையில் நின்ற அரசுக்கு மூன்றில் இரண்டு. ஏகாதிபத்தியத்தின் பொருளியலை மாணவருக்கு விளக்க இதனினும் எளிய கணக்கு வேண்டுமா?

பேராசை அத்துடன் நிற்கவில்லை. மறு ஆண்டிலேயே முத்துப் பார்கள் ஆண்டுக்கு 3,10,000 ரூபா வாடகைக்கு, இருபது ஆண்டுக் குத்தகையாக ஒரு கம்பனியிடம் ஒப்படைக்கப்பட்டன. விரைவிற் பார்களிற் சிப்பி அற்றுப்போயிற்று. 1912இற் கம்பனி கலைக்கப்பட்டது. 1925இற் குறிப்பிடத்தக்க குளிப்பு ஒன்று நடந்தது. அதன்பின் முத்துக்குளிப்பு மெல்ல மெல்லப் பழங்கதையாயிற்று. 1906இல் மறிச்சுக்கட்டியில் நடந்த குளிப்பைக் கண்காணிக்க அனுப்பப்பட்ட இளம் அதிகாரி ஒருவர், பின்னாளிற் பதவியைத் துறந்து, ஏகாதிபத்தியத்தின் எதிர்ப்பாளராக மாறினார். அவர்தாம் லெனாட் வுல்ஃப். அழுகும் சிப்பிகளின் நாற்றத்தையும் குளியாளரின் சாவையும் வெள்ளையரின் வெற்றுரைகளையும் வைத்து அவர் எழுதிய "முத்துகளும் பன்றிகளும்" என்ற கதையை நம் மாணவர் படித்தல் நன்று. கணக்கேடு சொல்லாததை அக்கதை சொல்கின்றது.

முத்து வராத ஆண்டுகளே பல. அந்த ஆண்டுகளிலும் ஊர் இருந்தது, மீன் இருந்தது, உழைப்பு இருந்தது. கரைவலையை எண்ணிப் பாருங்கள். தோணியில் வலையை ஏற்றிச் சென்று கடலில் அரைவட்டமாக வளைத்து இறக்குவர். அதன் இரு கயிறுகளையும் கரையில் இரு வரிசையாக நிற்கும் ஆடவர் மணிக்கணக்கில் இழுப்பர். அம்பாப் பாட்டின் தாளத்துக்கேற்பக் கால்கள் மணலிற் புதையும். மீனவர் ஒவ்வொரு குழுவுக்கும் கரையில் உரிய இடத்தைப் 'பாடு' என்பர். தாழ்வுபாடு என்று தீவிலுள்ள ஓர் ஊரின் பெயரிலும் அச்சொல் ஒலிக்கின்றது. வலையும் தோணியும் சம்மாட்டியினுடையவை; தசையும் வியர்வையும் தொழிலாளியினுடையவை. வலைக்கும் தோணிக்கும் உரிய பங்கைச் சம்மாட்டி எடுத்தபின் எஞ்சியதே இழுத்தவர்களிடையே பகிரப்படும். மீன்படாத மாதங்களில் முற்பணம் வாங்கியவன், அடுத்த பருவத்தில் அதே சம்மாட்டிக்கே உழைக்கவேண்டும். பிடித்த மீனை முற்பணம் தந்த முதலாளிக்கே, அவர் சொன்ன விலைக்கே கொடுக்கவேண்டும். கடலில் அவன் சுதந்திர மனிதன்; கரையேறியதும் கடனாளி.

பெண்களின் உழைப்பு இன்னும் குறைவாகவே எழுதப்பட்டுள்ளது. மீனை வெட்டி, குடல் நீக்கி, உப்பிட்டு, மணலிற் பாய்விரித்துக் காயவைத்து, மழைக்கு முன் அள்ளிச் சேர்ப்பவர்கள் அவர்களே. மன்னார்க் கருவாட்டின் பெயர் கொழும்புச் சந்தை வரை பரவியது அவர்கள் கையால். புயலிரவுகளிற் கரையில் விளக்குடன் நிற்பவர்களும் அவர்களே. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த பெரும்புயல் மன்னார்க் கரையையும் தாக்கிற்று. நெய்தலுக்கு இரங்கலை உரிப்பொருளாக்கிய நம் முன்னோர் தலைவியின் பிரிவுத்துயரைப் பாடினர். கடலுக்குச் சென்றவன் மீளாத வீட்டில் இரங்கல் இலக்கியப் பொருளன்று. மறுநாட் காலையின் உலைநீர்.

இவ்வூர்களுக்குக் கலை இல்லை என்று எவரும் எண்ணிவிடலாகாது. மன்னாரின் நாட்டுக்கூத்து மரபு வடபாங்கு, தென்பாங்கு என இருவகைப்பட்டது. வாசாப்பு என்ற வடிவமும் உண்டு. புனிதர் வரலாறுகளை அண்ணாவிமார் பழக்க, பகலில் வலையிழுத்தவர்கள் இரவில் அரசராகவும் அமைச்சராகவும் ஆடினர். தவக்காலத்திற் பேசாலையில் ஆடப்பெற்ற திருப்பாடுகளின் நாடகம், மரச் சொரூபங்களை அசைத்து நடிக்கும் முறையால், நாடக ஆய்வாளரின் கவனத்தை ஈர்த்தது. சிலுவை சுமக்கும் ஒருவனின் கதை, சுமை தூக்கும் மக்களுக்கு ஏன் இவ்வளவு நெருக்கமாயிற்று என்பது விளக்கம் வேண்டாதது.

இத்தீவு மீனவரின் உழைப்பை மட்டும் கண்டதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில், மலைநாட்டுத் தோட்டங்களுக்கென்று தமிழகத்திலிருந்து கொணரப்பட்ட கூலிகள் தலைமன்னார் முதலிய கரைகளில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கும் கண்டிக்கும் நடந்தனர். பசியும் கொள்ளைநோயும் வழியெங்கும் அவர்களைத் தின்றன. 1914இல் தலைமன்னார் வரை புகையிரதப் பாதை வந்தது. தனுஷ்கோடியோடு கப்பற் சேவையும் தொடங்கிற்று. அரை நூற்றாண்டின் பின், 1964ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 மலையக மக்களை இந்தியாவுக்கு அனுப்ப வழிசெய்தபோது, அவர்களிற் பெருந்தொகையினர் இதே பாதையால், பேசாலை நிலையத்தைக் கடந்து, தலைமன்னார் இறங்குதுறைக்குச் சென்றனர். பாட்டன் நடந்து வந்த வழியால் பேரன் அழுதுகொண்டு திரும்பினான். இரு தலைமுறைகளின் கண்ணீரையும் இம்மணல் கண்டது.

பின்னர் போர் வந்தது. 1983க்குப் பின் பாதுகாப்பின் பெயராற் கடல் மூடப்பட்டது. எந்த நேரத்திற் செல்லலாம், எவ்வளவு தூரம் செல்லலாம் என்பதைக் காற்றும் நீரோட்டமும் தீர்மானித்த காலம் போய், கடற்படை தீர்மானிக்கும் காலம் வந்தது. 1990இல் அகதிகளுக்கான ஐக்கிய நாடுகள் உயர் ஆணையகம் மடுவிலும் பேசாலையிலும் திறந்த நிவாரண நிலையங்களை அமைத்தது. பல்லாயிரவர் இக்கரைகளிலிருந்து இரவிற் படகேறி இராமேசுவரம் சென்றனர். கரை சேராதவர்களும் பலர். அதே ஆண்டு ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். எருக்கலம்பிட்டி முதலிய ஊர்களின் மக்கள், தலைமுறை தலைமுறையாக ஒரே கடலிற் தொழில் செய்தவர்கள், கையில் அகப்பட்டதோடு கற்பிட்டிக்குப் படகேறினர். நம்மவருக்கு இழைக்கப்பட்ட கொடுமைகளை எழுதும் கை, நம்மவர் பெயராற் பிறருக்கு இழைக்கப்பட்ட கொடுமையை எழுதும்போது நடுங்கக்கூடாது. நடுங்கினால் அது வரலாறாகாது.

2006 ஜூன் 17ஆம் நாள் மன்னார்க் கடலில் மோதல் நிகழ்ந்தது. பேசாலை மக்கள் தமது தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்தனர். ஆயுதந் தாங்கியோர் அங்கு சுட்டனர், கைக்குண்டு வீசப்பட்டது. ஆலயத்தினுள்ளே ஒரு மூதாட்டி மாண்டார். நாற்பதுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். கரையில் மீனவர் சிலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். இதனைச் செய்தவர்கள் கடற்படையினரே என மக்கள் சாட்சியம் கூறினர், கடற்படை மறுத்தது. 1544இலும் மன்னார் மக்கள் நம்பிய அடைக்கலம் அவர்களைக் காக்கவில்லை, 2006இலும் காக்கவில்லை. ஆயினும் இரண்டு வேளையும் ஊர் அழியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். வலைகள் மறுபடியும் தைக்கப்பட்டன.

2009இற் போர் முடிந்து மீனவர் கடலுக்குத் திரும்பினர். அங்கே வேறொன்று காத்திருந்தது. அவர்கள் கரையில் முடக்கப்பட்டிருந்த ஆண்டுகளில், தமிழகத்தின் இழுவைப்படகுகள் இக்கடலிற் பழகிவிட்டன. 1974, 1976ஆம் ஆண்டுகளின் ஒப்பந்தங்கள் கடலில் எல்லைக்கோடு வரைந்தன. ஆனால் இறாலுக்கு எல்லைக்கோடு தெரியாது, இலாபத்துக்குத் தெரியவே தெரியாது. இழுவைமடி கடலின் அடித்தளத்தைச் சுரண்டிச் செல்கின்றது. சிறு மீனவன் இரவில் விரித்த வலை காலையிற் கந்தலாகக் கிடக்கின்றது. அந்த வலை கடனுக்கு வாங்கியது.

இவ்விடயத்தில் நம் எழுத்தாளர் பலர் தடுமாறுகின்றனர். எதிர்க்கரையில் இருப்பவரும் தமிழரன்றோ என்று சிலர் வாய் மூடுகின்றனர். வேறு சிலர் எதிர்க்கரை மீனவர் அனைவரையும் கொள்ளையர் என்கின்றனர். இரண்டும் பிழை. எதிர்க்கரைப் படகிற் கைதாகிச் சிறையிற் கிடப்பவன் பெரும்பாலும் பங்குக்கோ கூலிக்கோ வந்த ஏழை. படகின் உரிமையாளர் வேறு; இறாலை வாங்கி அந்நிய நாடுகளுக்கு ஏற்றுமதி செய்பவர் வேறு. 1950கள் முதல் வெளிநாட்டு உதவியோடும் அரச மானியத்தோடும் இழுவைத்தொழிலை வளர்த்து, ஏற்றுமதிப் பணத்தைக் கண்டு மகிழ்ந்த கொள்கைகளே அவனை இக்கடலுக்குத் துரத்தின. கடலிற் சந்திக்கும் இருவரும் ஒருவரையொருவர் பகைவராகக் காண்கின்றனர்; இருவரையும் கடனாளியாக்கியவன் கடலுக்கு வருவதேயில்லை.

நம் கரையின் குற்றத்தையும் மறைத்தலாகாது. இலங்கைப் பாராளுமன்றம் 2017இல் இழுவைமடித் தொழிலைச் சட்டத்தாற் தடைசெய்தது. அத்தடைக்கு முன், இழுவைப்படகுகள் பேசாலையிலேயே இருந்தன. அவற்றில் வேலை செய்தவர்களும் இவ்வூர் ஏழைகளே. மாற்றுத் தொழிலுக்கு வழிவகுக்காத தடை, வயிற்றுக்கு விதித்த தடையாகவே அவர்களுக்குத் தோன்றும். கச்சதீவு அந்தோனியார் திருவிழாவில் இருகரை மீனவரும் ஒரே மணலில் அமர்ந்து உண்கின்றனர். அந்த ஒருநாள் உறவை ஆண்டு முழுவதற்கும் உரிய உடன்பாடாக மாற்றுவது மீனவர் சங்கங்களின் கடமை. அவற்றுக்குத் துணைநிற்பது நம் கடமை.

அண்மைக் காலத்திற் புதிய கண்களும் இத்தீவின்மேல் விழுந்துள்ளன. 2020 டிசம்பரில் தீவின் தென்கரையில் 'தம்பபவனி' என்ற காற்றாலைப் பண்ணை திறக்கப்பட்டது. முப்பது காற்றாடிகள், 100 மெகாவாட் மின்சாரம். மேலும் காற்றாலைகள் அமைக்கும் திட்டங்கள் தொடர்ந்தன. மணலிலுள்ள இல்மனைற்று என்ற கனிமத்தை அகழவும் முயற்சி நடைபெற்றது. 2025இல் தீவு மக்கள் வீதியில் இறங்கிப் போராடினர். காற்றிலிருந்து மின்சாரம் பெறுவதை நாம் எதிர்ப்பவரல்லர்; நிலக்கரிப் புகையிலும் அது நல்லது. ஆனால் கரைக்குச் செல்லும் வழி தடைப்படுகின்றது, மழைநீர் வடிவது தடைப்படுகின்றது, கரையோர மீன் அகன்று போகின்றது என்று மீனவர் சொல்லும்போது, அவர்களைக் கேளாமலே திட்டம் வரைவது எந்த முன்னேற்றம்? முதலில் முத்து, பிறகு இறால், இன்று காற்றும் மணலும். கொண்டுபோகப்படும் பொருள் மாறுகின்றது, கேட்கப்படாதவன் மாறவில்லை.

இங்கே தொலைதூரத்து ஊரொன்றை நினைவுகூர்வது பொருத்தமாகும். அயர்லாந்தின் மேற்குக் கோடியில் பிளாஸ்கெட் என்ற தீவு உண்டு. அங்கு ஒரு சின்னஞ்சிறு மீனவர் ஊர் இருந்தது. நல்ல இறங்குதுறையில்லை, வைத்தியரில்லை, இளைஞர் அமெரிக்காவுக்குக் கப்பலேறினர். 1953இல் எஞ்சிய சிலரும் பெருநிலத்துக்குக் கொண்டுவரப்பட, தீவு வெறிச்சோடிற்று. ஆனால் அவ்வூர் அழியவில்லை. தோமாஸ் ஓ கிரோஹன் என்ற மீனவர் தம் வாழ்வைத் தம் சொந்த ஐரிஷ் மொழியில் எழுதி 1929இல் வெளியிட்டார். பெய்க் சேயர்ஸ் என்ற, ஐரிஷ் மொழியில் எழுத்தறியாத பெண் தன் கதையைச் சொல்ல, மகன் எழுதிக்கொண்டான். போர் நடவாத, முத்து விளையாத அந்த ஊரின் அன்றாட வாழ்வை இன்று உலகம் படிக்கின்றது. ஊர்க்காரரே எழுதியமையால் அது எஞ்சிற்று.

பேசாலையிலும் அத்தகைய எழுத்துத் தொடங்கிவிட்டது. அவ்வூரைச் சேர்ந்த எஸ். ஏ. உதயன் 'லோமியா', 'தெம்மாடுகள்', 'வாசாப்பு' முதலிய நாவல்களில் மன்னார்க் கரையோர மக்களை எழுதியுள்ளார். ஆனால் ஒருவர் எழுதினாற் போதாது. ஆசிரிய நண்பர்களே, விடுமுறைக்கு மாணவருக்குக் கட்டுரைத் தலைப்புக் கொடுக்கும்போது, அரசர்களைச் சற்று ஓய்வெடுக்க விடுங்கள். பாட்டியிடம் கருவாட்டுக்கு எத்தனை படி உப்பு என்று கேட்டெழுதச் சொல்லுங்கள். பாட்டன் எந்தக் காற்றில் எந்தக் கடலுக்குப் போனார், யாருக்கு எவ்வளவு கடன்பட்டார், எந்த ஆண்டில் எங்கே இடம்பெயர்ந்தார் என்று கேட்டெழுதச் சொல்லுங்கள். அம்பாப் பாட்டையும் வலையின் பெயர்களையும் மீனின் பெயர்களையும் திரட்டச் சொல்லுங்கள். முதியவர் ஒருவர் மறையும்போது கரையின் ஏடு ஒன்று கடலோடு போகின்றது. உரிமை கேட்டு நாளை மன்றுக்குச் செல்லும்போது, இந்தக் கரையில் நாங்கள் இருந்தோம், இன்னவாறு உழைத்தோம் என்பதற்கு அந்தப் பயிற்சிப் புத்தகங்களே சான்றாகும்.

அன்று எழுந்து நின்ற அந்தப் பையனுக்கு இப்போது நாம் சொல்லக்கூடிய பதில் இது. தம்பி, அந்த நேரம் உங்கள் ஆட்கள் மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கோட்டையைப் பிடித்தவனும் அதை இழந்தவனும், முத்தை ஏலமிட்டவனும் அதை வாங்கியவனும், அவர்கள் பிடித்த மீனைத்தான் உண்டார்கள். கோட்டை இடிந்து கிடக்கின்றது, நோர்த்தின் மாளிகையைக் கடல் தின்கின்றது, கம்பனி கலைந்துவிட்டது. உன் தந்தையின் தோணி இன்று காலையும் கடலுக்குப் போயிற்று. அங்கிருந்து நீ எழுதத் தொடங்கு.